பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை டூ வீல் டிரைவாக மாற்றுவது: எதையும் அறுக்காமல் செய்யும் முழு வழிகாட்டி

"ஜீப்பை டூ வீல் டிரைவாக மாற்றணும்" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வண்டியில் எது உங்களைப் படுத்துகிறது? ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது என்பார் ஒருவர். முன்பக்கம் ஊளையிடுகிறது என்பார் இன்னொருவர். கிரவுன் பினியன் (ஆக்சிலின் நடுவில் இழுவையைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் கியர் ஜோடி) பல் உடைந்துவிட்டது, மாற்றுப் பொருள் கிடைக்கவில்லை என்பவர்களும் உண்டு. எரிபொருள் அதிகம் குடிக்கிறது என்பவர்கள்தான் நிறைய. இந்த ஒவ்வொரு பதிலுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. பாதிப் பேருக்கு அரை நாள் வேலையே போதும். மீதிப் பேரில் பலருக்கு வண்டியை மாற்றவே தேவையில்லை, பழுது பார்த்தால் போதும்.

அதனால் இந்த வழிகாட்டியைப் படிப்படியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஆழமானது, திருப்பிப் பழையபடி ஆக்குவதும் அந்த அளவுக்குக் கடினம். உங்கள் தொல்லை எந்தப் படியில் தீர்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். வில்லிஸ் ஜீப், சீரீஸ் லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூஸர் போன்ற வண்டிகள் இனி பிறக்கப் போவதில்லை. கழற்றியதை மாட்டிவிடலாம். அறுத்ததை ஒட்ட முடியாது.

முதலில், டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் சக்கரங்களை விடுகிறதா என்று பாருங்கள்

இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் 'பார்ட் டைம்' ஃபோர் வீல் டிரைவ். கியர் பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் லீவரை டூ வீலில் போட்டால் இன்ஜின் இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஃபோர் வீலில் போட்டால், இரு ஆக்சிலுக்கும் இழுவை கொண்டுபோகும் முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்டுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன, அதாவது அதிக தூரம் ஓடுகின்றன. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியர் பல்லிலும் ஏறி நிற்கும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கும், லீவர் டூ வீலுக்குத் திரும்பி வர மறுக்கும்.

ஒருமுறை ஒரு சிஜே-3பி ஜீப் இதே குறையோடு வந்தது. லீவர் டூ வீலில்தான் நின்றது. அடியில் படுத்துப் பார்த்தால், உள்ளே ஷிஃப்ட் ராடு துருப்பிடித்து ஃபோர்க் ஃபோர் வீலிலேயே ஒட்டிக்கிடந்தது. ராடைக் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, புது சீல் போட்டு மாட்டினோம். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. மாற்றும் பேச்சை வண்டிக்காரர் அதன் பிறகு எடுக்கவில்லை.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். சமதளத்தில் நிறுத்துங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரல், டிரான்ஸ்ஃபர் லீவர் டூ வீல் ஹை (சாதாரண ஓட்டத்துக்கான நிலை). ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை அதன் ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் அதை லாக்கில் போடுங்கள். ஒரே ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கையால் சுற்றுங்கள். சக்கரம் சுற்றி, முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் கூடவே சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் சரியாக விடுகிறது. சக்கரம் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிட்டால் முன்னும் பின்னும் இன்னும் பூட்டியே இருக்கின்றன. பிரேக் பிடித்திருக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்பதையும் அப்போதே பாருங்கள். அளவு மாறினால் நேர் சாலையில்கூட முறுக்கு ஏறும்.

ஜாக்கி வைப்பதற்கு முன்: ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது?

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வில்லிஸ் ஜீப்பிலும் சீரீஸ் லேண்ட் ரோவரிலும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க அவுட்புட்டில், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்டை. ஷாஃப்ட் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை ஒரு திசையிலும் தரையில் உள்ளதை எதிர்த்திசையிலும் சுற்றவிடும். ஹேண்ட் பிரேக் முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி உருளும்.

ஆரம்ப நாட்களில் இதை நான் கண்ணால் பார்த்தேன். பின் சக்கரத்தைத் தூக்கியதும் வண்டி மெல்ல நகர, ஜாக்கி சாய்ந்து, ஆக்சில் ஹவுசிங் தரையில் உட்கார்ந்தது. அடியில் யாரும் படுத்திருக்கவில்லை என்பது மட்டுமே நல்ல விஷயம். அன்றிலிருந்து, கட்டை வைக்காத வண்டிக்கு அடியில் நான் போவதில்லை.

மாற்றிய பிறகும் இது பொருந்தும். ஃபோர் வீலில் போட்டு நிறுத்தினால் அந்த ஹேண்ட் பிரேக் நான்கு சக்கரங்களையும் பிடிக்கும். முன் ஷாஃப்ட் போனபின் பின் சக்கரங்கள் மட்டும்தான். சரிவில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் வண்டியில் எப்போதும் ஒரு கட்டை வைத்திருங்கள்.

படி 1: ஹப்பை விடுவிப்பது

லீவர் டூ வீலில் இருந்தாலும் முன் சக்கரங்கள் தங்கள் ஆக்சில் ஷாஃப்டையும், கிரவுன் பினியனையும், முன் புரொப்பல்லர் ஷாஃப்டையும் சும்மா இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். கெட்டியான கியர் ஆயிலைக் கடைந்துகொண்டு ஓடுவது எதற்கும் பயன்படாத உழைப்பு. ஃப்ரீ வீல் ஹப் இதை அறுக்கிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரைவ் ஃபிளேஞ்சைக் கழற்றி அதே இடத்தில் இதை மாட்டுவார்கள். ஃப்ரீயில் திருப்பி வைத்தால் சக்கரம் மட்டும் பேரிங்கில் ஓடும், உள்ளே எல்லாம் நின்றுவிடும்.

முன்பக்க ஊளை, லேசான அதிர்வு, ஓட்டத்தில் ஒரு சோம்பல், இவைதான் தொல்லை என்றால் இந்தப் படியோடு முடிந்தது. மழைக்காலம் வந்தால் இறங்கி இரண்டு ஹப்பையும் லாக்கில் திருப்பினால் பழைய வண்டி திரும்பக் கிடைக்கும். எரிபொருள் செலவைப் பொறுத்தவரை பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். சதுரமான உடம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்குத்தான் இந்த வண்டிகள் அதிகம் செலவழிக்கின்றன. அதை எந்த ஹப்பும் மாற்றாது.

ஒரு கவனிப்பு உண்டு. சுழலும் ஷாஃப்டும் ஜாயிண்டும்தான் ஸ்விவல் உருண்டைக்குள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் ஆயிலைத் தெளித்து, அது திரும்பும் அச்சான கிங்பின்னின் மேல் பேரிங்கை நனைக்கின்றன. சீரீஸ் லேண்ட் ரோவரில் இது முக்கியம். மாதக்கணக்கில் ஃப்ரீயிலேயே ஓடினால் மேல் பேரிங் காய்ந்து ஸ்டியரிங் இறுகும். மாதம் ஒருமுறை ஹப்பை லாக் செய்து, டிரான்ஸ்ஃபர் லீவரை டூ வீலிலேயே வைத்து, சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

படி 2: முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுவது

ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறது, கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள சிலுவை வடிவ மூட்டு) போய்விட்டது, முன் டிஃபரன்ஷியல் சத்தம் போடுகிறது, ஆனால் இப்போதைக்குச் செலவு செய்ய முடியாது என்பவர்களுக்கு இது.

கழற்றும் முன் இரண்டு முனையிலும் யோக்குக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஃபிளேஞ்சுக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். நடுவில் சறுக்கும் பல் இணைப்பான ஸ்ப்லைனிலும் ஒரு கோடு. ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அதிர்வு வராது. ஸ்ப்லைன் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சாலையில் தெரியும்.

லேண்ட் ரோவரில் ஒவ்வொரு முனையிலும் நான்கு போல்ட், 9/16 ஸ்பேனர். இடம் குறுகல், ஸ்பேனர் நுனி மட்டுமே நுழையும். ஷாஃப்டைக் கால் சுற்று திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வில்லிஸில் யு போல்ட் பிடித்திருக்கும். நட்டைக் கழற்றியதும் கிராஸின் இரு பக்கக் கப்பும் தனியாகிவிடும். அந்த நொடியில் கையை எடுத்தால் கப் கீழே விழும், உள்ளே இருக்கும் ஊசி போன்ற ரோலர்கள் மண்ணில் சிதறும். ஒன்று குறைந்தாலும் அந்த கிராஸ் வீண். யு போல்ட்டை எடுக்கும் முன்பே கப்புகளைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒரு முனையை மட்டும் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பி அறுந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தும். முழுதாக எடுத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் ஃபிளேஞ்சும் அதன் நடு நட்டும் அப்படியே இருக்கட்டும். அதுதான் ஆயில் சீலையும் பேரிங்கையும் பிடித்து வைக்கிறது. சில வண்டிகளில் ஃபிளேஞ்ச் கிடையாது, ஷாஃப்டின் முனையே உள்ளே சறுக்கி நுழைந்திருக்கும். உருவினால் ஆயில் கொட்டும். அந்த ஓட்டைக்குச் சரியான மூடி தயாராக இல்லாமல் தொடாதீர்கள்.

ஃபுல் டைம் வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை

1970ல் வந்த ரேஞ்ச் ரோவர், 1983க்குப் பிந்தைய லேண்ட் ரோவர் 110 வரிசை, லாடா நிவா போன்றவற்றில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கும். இதில் முன் ஷாஃப்டை எடுத்துவிட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நகராது. தடையில்லாத பக்கம் சும்மா சுற்றும், பின்பக்கத்துக்கு இழுவை வராது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இன்னும் மோசம்: பார்க்கிங்கில் போட்டாலும் வண்டி நிற்காது.

சென்டர் டிஃப் லாக்கைப் போட்டால் பின் சக்கரங்கள் இழுக்கும். வழியில் ஷாஃப்ட் போனால் வீடு வந்து சேர அது உதவும். நிரந்தர வழி அல்ல. லாக் விலகிய நொடியில் இழுவையே இருக்காது. நிரந்தரமாகச் செய்ய வேண்டுமானால் சென்டர் டிஃபரன்ஷியலுக்குப் பதில் பார்ட் டைம் கிட் போட வேண்டும். அதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்க வேண்டும். விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் முன்னையும் பின்னையும் இணைக்கும் பகுதி) உள்ள வண்டிகளில் ஷாஃப்டை எடுத்து ஓட்டினால் கப்ளிங் சூடேறிக் கெட்டுவிடலாம். அந்தந்த வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

லோ கியரை மறந்துவிடுங்கள்

வில்லிஸ் ஜீப்பின் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. முன் டிரைவைப் போடாமல் லோ (மெதுவாக, அதிக முறுக்கோடு இழுக்கும் நிலை) விழாது. இரண்டு ராடுகளுக்கும் நடுவே ஒரு சின்ன உலோகத் துண்டு தடுத்துக்கொண்டிருக்கும். சீரீஸ் லேண்ட் ரோவரில் சிவப்பு லீவரை லோவில் போட்டால் முன் டிரைவ் தானாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். லோவில் பெருகும் முறுக்கை இரண்டு ஆக்சில் பங்கிட்டுத் தாங்க வேண்டும் என்று செய்தவர்கள் நினைத்தார்கள்.

முன் ஷாஃப்ட் இல்லாத வண்டியில் லோ விழத்தான் செய்யும். மொத்த முறுக்கும் பின் ஆக்சில் ஷாஃப்டின் தலையில் இறங்கும். லோ முதல் கியரில், பாரத்தோடு, பள்ளத்திலிருந்து ஏற முயன்றால் ஷாஃப்ட் முறுகி உடையும். நகரமுடியாத இடத்தில் மெல்ல நகர்த்துவதற்கு மட்டும் லோ. டானா 18ல் அந்தத் தடுப்புத் துண்டைக் கழற்றிப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நான் செய்து தருவதில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. ஃபுல் ஃப்ளோட்டிங் பின் ஆக்சில் (வண்டியின் சுமையை ஷாஃப்ட் அல்ல, ஹவுசிங் தாங்கும் வகை) உள்ள வண்டியில் பின் ஷாஃப்ட் உடைந்தால் துண்டை உருவி எறிந்துவிட்டு முன் டிரைவில் வீடு வந்து சேரலாம். மாற்றிய வண்டியில் அந்த வழி இல்லை.

படி 3: ஆக்சில் ஷாஃப்டும் கிரவுன் பினியனும்

உள்ளே பல் உடைந்த துண்டுகள் கிடந்தால் மட்டுமே இந்தப் படி. இல்லையென்றால் படி 2ல் நின்றுவிடுங்கள்.

ஆக்சில் ஷாஃப்டை உருவினால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஹவுசிங் குழாயின் உள் சீல் அந்த ஷாஃப்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் போனால் டிஃபரன்ஷியல் ஆயில் நேராக ஸ்விவலுக்கு ஓடிவரும், அங்கிருந்து பிரேக்குக்கும் போகலாம். முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள், குழாய்க்கு இறுக்கமான அடைப்பும் வையுங்கள். இரண்டாவது, டிரைவ் ஃபிளேஞ்ச் ஹப்புக்கு மூடியாகவும் இருந்தது. அது போன இடத்தில் கேஸ்கட்டோடு ஒரு மூடி வேண்டும். இல்லையென்றால் கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. வில்லிஸ், சீரீஸ் லேண்ட் ரோவர் வகையில் சக்கர பேரிங் ஸ்பிண்டிலின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் சக்கரம் நிற்கும். பிற்கால ஜீப்களில் பலவற்றில் பேரிங் ஒரே கட்டாக வரும். ஷாஃப்டின் நுனியும் அதன் பெரிய நட்டும் இறுக்கிப் பிடிப்பதால்தான் அந்தக் கட்டு பிரியாமல் இருக்கிறது. அதில் ஷாஃப்டை முழுதாக உருவினால் ஓட்டத்தில் சக்கரம் கழன்று போகும். ஜாயிண்ட்டோடு பிரித்து, வெளித் துண்டை மட்டும் திரும்ப மாட்டி, நட்டை அதன் அளவுக்கு முறுக்க வேண்டும்.

படி 4: முன் ஹவுசிங்குக்குப் பதில் பீம் ஆக்சில்

பீம் ஆக்சில் என்பது உள்ளே ஷாஃப்டோ கியரோ இல்லாத வெறும் தண்டு. இது முழு மாற்றம். முன் சுமை குறையும், ஸ்டியரிங் இலகுவாகும், பள்ளத்தில் சக்கரம் சட்டென்று ஏறி இறங்கும். தொழிற்சாலையிலிருந்தே டூ வீல் டிரைவாக வந்த வண்டிகளும் உண்டு. வில்லிஸின் ஸ்டேஷன் வேகன் 1946ல் டூ வீல் டிரைவாகத்தான் வந்தது. 1948 முதல் 1950 வரை வந்த ஜீப்ஸ்டரும் அப்படியே. 1955ல் வந்த டிஜே-3ஏ டிஸ்பாட்ச்சர், ஜீப் உடம்பிலேயே செய்த டூ வீல் டிரைவ். உங்கள் வண்டிக்கு அப்படித் தொழிற்சாலை டூ வீல் வடிவம் இருந்தால், அதன் முன் ஆக்சிலைத் தேடி வாங்குவது ஒன்றே நான் ஒப்புக்கொள்ளும் வழி.

வேறு வண்டியின் பீமைக் கொண்டுவந்தால் ஸ்பிரிங் பட்டைகளின் இடைவெளி, டிராக் அகலம், பிரேக், டை ராடு (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டியரிங் கம்பி) நீளம், கிங்பின் சாய்வு எல்லாமே பொருந்த வேண்டும். பழையதைக் கழற்றும் முன்பே அளந்து எழுதிவையுங்கள். வில்லிஸுக்கும் சீரீஸ் லேண்ட் ரோவருக்கும் காஸ்டர் (கிங்பின்னின் பின்சாய்வு) 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் வெளிச்சாய்வு) ஒன்றரை டிகிரி. சுமை குறைந்ததும் முன்பக்கம் சற்று மேலெழும், காஸ்டர் மாறும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துத் திருத்தலாம். காஸ்டர் குறைந்தால் வளைவு முடிந்து ஸ்டியரிங் தானாக நேராகாது, வேகத்தில் அலையும்.

பீமை அறுத்து வெல்டிங் செய்து நீளம் திருத்துவது, டை ராடை வெல்டிங் செய்வது, இரண்டும் கூடாது. எவ்வளவு தேர்ந்த கை என்றாலும் கூடாது.

டிரான்ஸ்ஃபர் கேஸையே எடுத்துவிடலாமா?

நிறையப் பேர் கேட்பது இது. என் பதில்: வேண்டாம். வில்லிஸிலும் லேண்ட் ரோவரிலும் பின் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் இழுவையைக் கீழேயும் வலப்பக்கமும் இறக்கி அதன் நேருக்குக் கொண்டுபோகிறது. அதை எடுத்தால் ஷாஃப்ட் குறுக்கே, செங்குத்தாகச் சரிந்து ஓட வேண்டும். கிராஸ் ஜாயிண்ட்டின் கோணம் கூடக் கூட, ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைக் கோணங்களும் சமமாக இல்லாவிட்டால் அந்தத் துடிப்பு வண்டி முழுக்கப் பரவும்.

கூடவே ஹேண்ட் பிரேக்கும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் அங்கேதான் மாட்டியிருக்கின்றன. கியர் விகிதமும் மாறும். சீரீஸ் லேண்ட் ரோவரின் ஹையில்கூட 1.148க்கு 1 என்ற குறைப்பு இருக்கிறது. அது போனால் டாப் கியரில் இன்ஜின் அதே வேகத்துக்குச் சுமார் 13 சதவீதம் மெதுவாகச் சுற்றும். கேட்க நன்றாக இருக்கிறது. மேடு வந்தால் அந்தச் சின்ன இன்ஜின் திணறும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்த இடத்தில் இருக்கட்டும், ஆயில் மட்டும் அளவாக ஊற்றுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் 20 கிலோமீட்டர் காலியாக, மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தி இரண்டு முன் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் இறுக்கம் அல்லது பிரேக் பிடிப்பு. டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் சீலடியில் சொட்டு விழுகிறதா பாருங்கள். 100 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ஈரச் சாலையில் வண்டி புது மாதிரி நடந்துகொள்ளும். ஃபுல் டைம் வண்டியாக இருந்தது என்றால் இது நன்றாகவே தெரியும். ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் பிரேக் இப்போது பின் சக்கரத்தில் மட்டும்தான். வில்லிஸின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். பின்பக்கம் காலியாக இருக்கும் குட்டை வண்டி, வளைவில் கியரைச் சட்டென்று இறக்கினால் வால் வீசும். யாருமில்லாத திறந்த மைதானத்தில், மழை பெய்த மறுநாள், இதை ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றில் டிரைவ் வகை குறிக்கப்பட்டிருந்தால் அங்கும், இன்ஷூரன்ஸிலும் தெரிவித்துவிடுங்கள்.

கழற்றிய பொருட்களை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஷாஃப்டின் ஸ்ப்லைனில் கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணி சுற்றி, எந்த முனை டிரான்ஸ்ஃபர் பக்கம் என்று எழுதி ஒரு அட்டையைக் கட்டுங்கள். போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அதோடு சேர்த்துக் கட்டுங்கள். படி 2ல் நின்ற வண்டியில் ஆயிலுக்கு மேலே நிற்கும் கிரவுன் பற்கள் துருப்பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹப்பை லாக்கில் போட்டு, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, பினியன் ஃபிளேஞ்சைக் கையால் இருபது சுற்று சுற்றிவிடுங்கள்.